கடல் தாண்டிய மடி

கோட்டானேந்தல்காரர்களைப் பற்றிச் சுற்றுப்பட்டு ஊர்களில் நாலு விதமாகப் பேசுவார்கள். அதில் மூன்றைப் பொறாமை என்று தள்ளிவிடலாம். நாலாவது உண்மை. அந்த உண்மையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பக்கத்தில் கோட்டானேந்தல்காரர் யாராவது இருந்தால் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், அவர்களுக்கும் விளங்க வேண்டுமல்லவா?

கடலிலிருந்து இரண்டே மைல்தான் அந்த ஊர். இருந்தாலும் ஊருக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மிளகாய் போடுவார்கள், மிளகாய் காயவைப்பார்கள், மிளகாயை மூட்டை கட்டுவார்கள். கடல் பக்கம் திரும்பித் தும்முவதோடு சரி. அப்படிப்பட்ட ஊரிலிருந்து பூமயிலும் அவள் புருஷன் சாத்தையாவும் ஒருநாள் படகேறினார்கள் என்றால் அதற்குப் பின்னால் பெரிய காரணம் இருக்க வேண்டும். இருந்தது. சாத்தையாவின் மடி.

சாத்தையாவுக்கு ஒரே தங்கை, வேலுக்கனி. கடலுக்கு அந்தப் பக்கம் வெள்ளாம்பட்டினத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய பெண் குழந்தைக்கு அன்று காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் சாத்தையா, தோடு பூமயிலின் சுருக்குப் பையில். இனி என்ன, போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி.

சாத்தையா குளித்து முடித்துப் புது வேட்டி கட்டி, கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வேலுக்கனியின் போன் வந்தது.

“அண்ணே, பன்னெண்டு மணி வரைக்குந்தான் நல்ல நேரமாம். அதுக்குள்ள நீ மடியோட வந்து சேந்துரு. இங்க எங் கொழுந்தன் தனுஷ்கோடி இப்பவே சேரப் போட்டு உக்காந்துட்டாரு. ‘தாய்மாமன் வரலைன்னா எம் மடி இருக்கு’ன்னு தொடையத் தட்டிக்கிட்டு இருக்காரு. நீ மட்டும் வராமப் போன, காலம் பூரா எனக்கு இது சொல்லாகிப் போகும்.”

போனில் பேசியது பூமயில் காதிலும் விழுந்தது. அவள் வாக்கப்பட்டு வந்தபோது வேலுக்கனி பாவாடை சட்டை போட்ட பன்னிரண்டு வயசுப் பெண். தலை பின்னி விட்டு, பரீட்சைக்கு எழுப்பி விட்டு, கல்யாணத்தில் கையைப் பிடித்துக் கொடுத்தது வரை எல்லாம் பூமயில்தான். அந்தப் பிள்ளையின் பிள்ளைக்குக் கொழுந்தன் மடியில் காது குத்துவதா? அவள் உயிரோடு இருக்கும்வரை நடக்காது.

“எந்திரிங்க, கெளம்புவோம்” என்றாள்.

சாத்தையா காலை நீட்டப்போனார். நீட்டியவர் சட்டென்று திரும்ப மடக்கிக்கொண்டு, குனிந்து தன் மடியைப் பார்த்தார்.

“ஏத்தா பூமயிலு, நான் எந்திரிச்சா இது என்ன ஆகும்?”

“எது?”

“மடி.”

பத்தொன்பது வருஷத் தாம்பத்தியத்தில் பூமயில் இதை யோசித்துப் பார்த்ததே இல்லை. விஷயம் பெரியது என்பதால் சாத்தையாவின் சித்தப்பா மக்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினாள். மூத்தவன் பெயர் வழிவிட்டான், எதையும் ஓட்டத் தெரியும் என்பான். இளையவன் உருமன், எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டான்.

உருமன் அங்கேயே தரையில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

“மதினி, உக்காந்தா இருக்கு. எந்திரிச்சா இல்ல” என்றான். 

“திரும்ப உக்காந்தா வந்துருதேடா” என்றான் வழிவிட்டான்.

“வருது. நான் இல்லேங்கல. ஆனா அதே மடிதானா? காலையில போன பஸ்ஸும் பச்ச, சாயங்காலம் வர்ற பஸ்ஸும் பச்ச. அதுக்காக ரெண்டும் ஒரே பஸ்ஸுன்னு சொல்லிருவியா?”

 தங்கச்சி கேட்டது இந்த மடியை. எழுந்தால் இது போய்விடும். அங்கே போய் உட்கார்ந்தால் வருவது எந்த மடியோ, யாருடையதோ. சாத்தையா தெளிவாகச் சொல்லிவிட்டார், தலையே போனாலும் காதுகுத்து முடிகிற வரைக்கும் எழுந்திருக்கப் போவதில்லை என்று.

பஸ்ஸில் போகலாமா என்றால், முகூர்த்த நாள், நின்றுகொண்டுதான் போக வேண்டும். டிராக்டரில் போகலாமா என்றால், நடுவில் பாலம் வேலைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், சுற்றிப் போனால் பொழுது சாய்ந்துவிடும். மிச்சம் இருந்தது கடல் ஒன்றுதான். கட்டிலோடு தூக்கி டிராக்டரில் வைத்து, டிராக்டரிலிருந்து கட்டிலோடு தூக்கிப் படகில் வைத்துவிட்டால் மடிக்கு ஒரு சேதமும் இல்லை. பூமயிலுக்குத்தான் இந்த யோசனை தோன்றியது. அந்த ஊரிலேயே புத்திசாலி அவள்தான். மற்றவர்கள் எப்படி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் அந்தோணிப்பிச்சை அவர்களுக்குப் பழக்கம். மிளகாயைக் கொடுத்துக் கருவாடு வாங்குகிற பழக்கம். அவருடைய ஃபைபர் படகில் அவரே கொண்டுபோய் விடுவதாகத்தான் போனில் பேச்சு. ஆனால் போய்ப் பார்த்தால் மனிதர் கன்னம் பூரி மாதிரி வீங்கி, துண்டால் தாடையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பல் பிடுங்க டவுனுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

“படகு ஓட்ட யாருக்காச்சும் தெரியுமா?” என்று பல்லைக் கடிக்க முடியாமல் கேட்டார்.

“நான் பவர் டில்லர் ஓட்டிருக்கேன்” என்றான் வழிவிட்டான்.

பல்வலிக்காரனுக்கு விவரம் கேட்கிற பொறுமை ஏது? எஞ்சினை உதைத்துக் கொடுத்தார். இந்தக் கம்பியை முன்னால் தள்ளினால் முன்னால் போகும், பின்னால் இழுத்தால் பின்னால் போகும் என்று காட்டினார். பிறகு நாலு விரலை நீட்டினார்.

“நாலே வார்த்த. கரைய விட்டுக் கண்ண எடுக்காதீக. வழியில எஞ்சின அணைக்காதீக, அணைச்சா பிடிக்காது. துறையில கட்டின கயித்த நான் சொல்லாம அவுக்காதீக. அங்கன துறைக்காரர் என்ன சொல்றாரோ அப்படியே செய்யிங்க.”

சொல்லிவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பாவம், அந்த வலியில் அவர் யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போகிறோம் என்று யோசிக்கவில்லை.

படகு புறப்பட்டது. வழிவிட்டான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தான், கரை அங்கேதானே இருந்தது? உருமனும் பூமயிலும் திரும்பி உட்கார்ந்தார்கள். கட்டிலையும் திருப்பி வைத்தார்கள். நாலு பேரும் எட்டுக் கண்ணாலும் கரையைப் பார்த்துக்கொண்டே கடலுக்குள் போனார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் உருமன் பதறினான். “மதினி, கரை தேயுது!”

உண்மைதான். தென்னை மரமெல்லாம் மிளகாய்ச் செடி அளவு ஆகியிருந்தது. இன்னும் போனால் கரை காணாமல் போகும். கரை காணாமல் போனால் கண்ணை எதில் வைப்பது? உடனே படகைத் திருப்பினார்கள். கரை பழையபடி பெரிதானதும்தான் மூச்சு வந்தது. மறுபடி போனார்கள், மறுபடி தேய்ந்தது, மறுபடி திரும்பினார்கள். இப்படி மூன்று முறை. மணி ஒன்பதரை.

மூன்றாவது முறை கரைக்கு வந்ததும் பூமயில் இறங்கினாள். சீர்த் தாம்பாளத்திலிருந்த வாழைப்பழத்தையெல்லாம் பைக்கு மாற்றினாள். தாம்பாளம் நிறையக் கரை மண்ணை அள்ளினாள். மேலே ஒரு கிளிஞ்சல், ஒரு நண்டு வளை மண், கொஞ்சம் காய்ந்த பாசி. கரை என்றால் முழுசாக இருக்க வேண்டுமே.

“இந்தா கரை. இனிமே எங்க போனாலும் தேயாது” என்று படகின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.

“மதினி, நீங்க டவுன்ல பெறந்திருக்க வேண்டியவுக” என்றான் வழிவிட்டான், மனம் நெகிழ்ந்து.

நாலு பேரும் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு, கடலைக் கடந்தார்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு நண்டுக்குஞ்சு மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தபோது மட்டும், “கரையில ஆள் நடமாட்டம் இருக்கு” என்று உருமன் சொன்னான். அப்படிப் போயும் வெள்ளாம்பட்டினம் போய்ச் சேர்ந்தார்கள் என்றால் அது அவர்கள் சாமர்த்தியம் இல்லை. அந்த வளைகுடாவின் அமைப்பு அப்படி. இங்கே ஒரு தேங்காயைத் தூக்கிப் போட்டால் அது வெள்ளாம்பட்டினத்தில்தான் ஒதுங்கும்.

வெள்ளாம்பட்டினத்தில் புதிதாக ஒரு படகுத்துறை கட்டியிருந்தார்கள். கடலுக்குள் நீளமாக மிதக்கிற மேடை. அடியில் நீல நிறப் பீப்பாய்கள், மேலே பலகை. இரண்டு பக்கமும் படகு நிறுத்த இடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். மேடையின் கடைசித் துண்டு, பதினாலாம் நம்பர் இருந்த துண்டு, அந்த வாரம்தான் வந்தது. அதற்கான போல்ட் இன்னும் வரவில்லை என்பதால், அதை மட்டும் நைலான் கயிற்றால் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். மேடையைக் காக்க, விசிலும் ஒலிபெருக்கியுமாக மேற்பார்வையாளர் துரைசிங்கம். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவர், எந்தச் சண்டையிலும் நிதானம் இழக்காதவர் என்று பெயர்.

மணி பத்தே முக்கால். துறையிலிருந்து பார்த்தாலே காதுகுத்து நடக்கிற அய்யனார் கோயில் தெரிந்தது. வேலுக்கனி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையை ஆட்டினாள். பக்கத்தில் இரும்புச் சேரில் தனுஷ்கோடி, அகலமான மடியோடு.

“ஏங்க, அந்தாளு மடியப் பாத்தீகளா? ரெண்டு பிள்ளைக்கு இடம் இருக்கு” என்றாள் பூமயில், வயிற்றெரிச்சலோடு.

சாத்தையா தன் மடியை இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டார்.

“படகு! நம்பர் பதினாலு!” என்று ஒலிபெருக்கி கத்தியது. “வேகத்தக் குறை! ஆள் நடக்குற வேகத்துல வா!”

துறைக்காரர் சொன்னால் அப்படியே செய்ய வேண்டும். ஆனால் ஆள் எந்த வேகத்தில் நடப்பான்? சும்மா சொல்ல முடியுமா? உருமன் எழுந்தான். படகின் பின்னாலிருந்து முன்னால் நோக்கி நடந்தான். வழிவிட்டான் அவன் காலையே பார்த்துக்கொண்டு கம்பியை முன்னால் தள்ளினான். படகு அழகாக முன்னேறியது. துரைசிங்கம்கூடத் தலையாட்டினார்.

ஆனால் படகு எவ்வளவு நீளம்? பதினெட்டு அடி. உருமன் படகின் மூக்கு வரை போய்விட்டான். அதற்கு மேல் நடக்க இடமில்லை. திரும்பிப் பின்னால் நடந்தான். ஆள் பின்னால் நடந்தால் படகும் பின்னால்தானே போக வேண்டும்? வழிவிட்டான் கம்பியை இழுத்தான்.

முன்னால் பத்தடி, பின்னால் பத்தடி. மேடை வருவதும் போவதுமாக இருந்தது. அரை மணி நேரம் உருமன் நடையாய் நடந்தான். அவன் பிறந்த நாளிலிருந்து அவ்வளவு தூரம் நடந்ததில்லை. கோயிலில் வேலுக்கனி கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டாள்.

“யோவ்! என்னய்யா பண்றீங்க?” என்றார் துரைசிங்கம்.

“நடக்குறோம் சார்!” என்றான் உருமன், மூச்சு வாங்க.

பூமயில்தான் வழி கண்டுபிடித்தாள். “அவன் பின்னால திரும்புறப்ப கண்ண மூடிக்கடா!” என்று வழிவிட்டானிடம் சொன்னாள். அதன் பிறகு படகு முன்னால் மட்டும் வந்தது.

“டயர வெளிய தள்ளு! மேடையில இடிக்கப் போகுது!”

படகோரத்தில் உள்பக்கமாக இரண்டு பழைய டயர்கள் கயிறு கட்டிக் கிடந்தன. பூமயில் கயிறுகளை அவிழ்த்து, ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே தள்ளினாள். அவை மிதந்து போயின. பிறகு படகு மேடையில் இடித்தது.

“அவர் சொன்னாப்லயே இடிக்குது பாத்தியா? அனுபவம்!” என்றார் சாத்தையா, கட்டிலில் ஆடிக்கொண்டே.

“கயித்த வீசு! கயிறு! சீக்கிரம்!”

உருமன் கயிற்றைச் சுருளோடு தூக்கி வீசினான். நல்ல வீச்சு. இரண்டு முனையும் துரைசிங்கம் கையில் போய் விழுந்தன. அவர் கயிற்றைப் பார்த்தார், மெல்ல விலகிப்போகிற படகைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார். பட்டாளத்து நிதானம் லேசாக விரிசல் விட்டது.

“ஒரு முனை உங்ககிட்ட இருக்கணும்யா!” என்று கயிற்றைத் திருப்பி வீசினார்.

“அப்ப முன்னாடியே ஒரு முனையோட கயிறு குடுத்திருக்கணும்” என்று முணுமுணுத்தான் உருமன். இருந்தாலும் பெரியவர்கள் பேச்சை மீறக் கூடாது என்று ஒரு முனையைப் படகு மூக்கில் கட்டினான். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பூமயில் மேடையில் தாவினாள், பதினாலாம் நம்பர்க் கம்பத்தில் கட்டினாள். சாதாரணக் கட்டு இல்லை, மிளகாய் மூட்டைக் கட்டு. ஏழு முடிச்சு. அந்த ஊர் மூட்டையைச் சந்தையில் யாரும் அவிழ்க்க மாட்டார்கள், அறுத்துத்தான் எடுப்பார்கள்.

வேலை முடிந்த களைப்பில் உருமன் படகின் பின்பக்கம் நடந்து போய் உட்கார்ந்தான். வழிவிட்டான் இப்போது கண்ணை மூடியிருக்கவில்லை. ஆள் பின்னால் நடக்கக் கண்டு கம்பியைப் பின்னால் இழுத்தான். உருமன் திரும்பி முன்னால் நடக்கவே இல்லை, ஆகவே கம்பியும் அங்கேயே இருந்தது. எஞ்சினை வழியில் அணைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்களே. கயிறு விறைத்துக்கொண்டு முறுமுறுத்தது. படகு பின்னால் இழுக்க, மேடை முன்னால் இழுக்க, நடுவில் ஏழு முடிச்சும் அசையாமல் நின்றன.

மணி பதினொன்று நாற்பது.

“அண்ணே! இறங்கி வா அண்ணே!” என்று கோயிலிலிருந்து வேலுக்கனி கத்தினாள்.

“வாங்க, எந்திரிச்சுத் தாண்டி வாங்க. ஒரு எட்டுத்தான்” என்று துரைசிங்கம் கை நீட்டினார்.

“எந்திரிச்சா மடி போயிரும்” என்றார் சாத்தையா.

“எது போயிரும்?”

பூமயில் அவருக்குப் பொறுமையாக விளக்கினாள். இருக்கிற மடி, இல்லாமல் போகிற மடி, திரும்பி வருகிற மடி, பச்சைப் பஸ் எல்லாம் சொன்னாள். துரைசிங்கம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு, தான் அப்படிப் பார்த்துவிட்டதற்காகவே கோபப்பட்டு விசிலை ஊதினார்.

கட்டிலோடு தூக்கலாம் என்றால் நாலு ஆள் வேண்டும். வழிவிட்டான் கம்பியை விட முடியாது. உருமனின் கால் இரண்டும் நடந்து நடந்து மரத்துப் போயிருந்தன. துரைசிங்கம், “எனக்கு மேடையப் பாத்துக்கத்தான் சம்பளம்” என்றுவிட்டார். கோயிலில் தனுஷ்கோடி சேரை நகர்த்திப் போட்டுக்கொண்டு, “அண்ணி, பிள்ளையக் குடுங்க. நேரம் போகுது” என்றார்.

அப்போது பூமயில் அழுதுவிட்டாள். மேடையில் நின்று, சுருக்குப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதாள். இத்தனை தூரம் ஒரு கரையையே தூக்கிக்கொண்டு வந்து, ஒரு முழ இடைவெளியில் மடி வீணாய்ப் போகிறதே!

“ஏ வேலுக்கனி! மடி வர முடியலைன்னா என்ன, பிள்ளை நடக்கலைன்னாலும் ஒனக்குக் கால் இருக்குல்ல! தூக்கிட்டு ஓடியாத்தா!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

வேலுக்கனிக்கு அது வரை அது தோன்றவே இல்லை. அவளும் கோட்டானேந்தலில் பிறந்தவள்தானே. பிள்ளையோடு ஓடி வந்தாள். ஊசியும் மஞ்சள் கிண்ணமுமாக ஆசாரி பின்னால் ஓடி வந்தார். அவள் புருஷன் கிடா விருந்துக்குக் கட்டிப் போட்ட கிடாவை விட்டு வர முடியாமல் அங்கேயே நின்றார். தனுஷ்கோடி விடுவாரா? இரும்புச் சேரைத் தூக்கிக்கொண்டு அவரும் வந்தார். எந்த நிமிஷமும் வாய்ப்பு வரலாம் என்ற நம்பிக்கை.

பிள்ளை கை மாறிக் கை மாறி வந்து சாத்தையாவின் மடியில் உட்கார்ந்தது. ஏழு மணியிலிருந்து காத்திருந்த மடி. சாத்தையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏ தங்கம், ஒனக்காகத்தான் இது” என்றார். ஆசாரி மேடை விளிம்பில் குந்தி, எட்டிக் காதில் மஞ்சளைத் தடவினார். பிள்ளை மஞ்சள் கிண்ணத்தில் கையை விட்டு, மாமன் வேட்டியில் பளாரென்று ஒரு அடி வைத்தது. மடி நடுவில் ஐந்து விரலும் அப்படியே பதிந்தன.

சரியாக அந்த நேரத்தில்தான் தனுஷ்கோடி தன் உடம்போடும் சேரோடும் கடைசித் துண்டில் காலை வைத்தார். அவ்வளவு நேரமும் படகால் இழுபட்டுக்கொண்டிருந்த நைலான் கயிறு, ‘இதுக்கு மேல என்னால முடியாதுப்பா’ என்று அறுந்தது.

யாரும் கவனிக்கவில்லை. எல்லோர் கண்ணும் பிள்ளை காதில். ஒரு காது. பிள்ளை ஊரைக் கூட்டி அழுதது. மறு காது. பூமயிலும் சேர்ந்து அழுதாள். தோட்டைப் போட்டுத் திருகாணியை முறுக்கினார் ஆசாரி. மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. பூமயில் குலவை போட்டாள்.

“அண்ணி, கோயில் போகுது” என்றார் தனுஷ்கோடி.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கோயில் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. கூடவே பந்தலும், கிடாவும், கிடாவைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டுகிற மாப்பிள்ளையும்.

“நேரம் முடிஞ்சதுல்ல, அய்யனார் கிளம்பிட்டாரு” என்றான் உருமன்.

துரைசிங்கத்துக்குத்தான் விஷயம் புரிந்தது. தன் மேடை, தன் பதினாலாம் நம்பர், தன் விசில் எல்லாம் நடுக்கடலில். “எஞ்சின அணை! டேய் அணைடா!” என்று குதித்தார்.

வழிவிட்டான் அணைக்கப் போனவன் யோசித்தான். “சார், ரெண்டு உத்தரவு இருக்கு. வழியில எஞ்சின அணைக்கக் கூடாது. துறையில நீங்க சொல்றத செய்யணும். இப்ப நாம துறையில இருக்கோமா, வழியில இருக்கோமா?”

“கயிறு பதினாலாம் நம்பர்ல கட்டியிருக்கு. அப்ப துறையில இருக்கோம்” என்றாள் பூமயில்.

“துறை போய்க்கிட்டு இருக்கே மதினி. அப்ப வழியிலதான இருக்கோம்?” என்றான் உருமன்.

“துறையே வழியில இருக்குறப்ப துறையில இருந்தா என்ன, வழியில இருந்தா என்ன?” என்றார் சாத்தையா, பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே.

ஆசாரி, துறையில் பாதி வழியில் பாதி என்று தீர்ப்புச் சொல்லலாம் என்றார். தனுஷ்கோடி சேரைப் போட்டு உட்கார்ந்து, ஓட்டெடுப்பு நடத்தலாம் என்றார். துரைசிங்கம் மயிரைப் பிய்த்துக்கொண்டார். அவர்கள் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வருவதற்குள், மண்ணைப் பார்த்தபடி பின்னுக்கே ஓடிய படகு, மேடையையும் மேடை மேலிருந்தவர்களையும் இழுத்துக்கொண்டு சொந்தக் கரையில் போய் மோதி நின்றது. தேங்காய் இந்தப் பக்கமும் ஒதுங்கும் போலிருக்கிறது.

கரையில் அந்தோணிப்பிச்சை உட்கார்ந்திருந்தார். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வாய் நிறையப் பஞ்சு, மறுநாள் காலை வரை வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. காலையில் ஒரு படகை அனுப்பினார். இப்போது ஒரு துறைமுகமே வந்து சேர்ந்திருக்கிறது. ஓடி வந்து கயிற்றைக் காட்டி, அவிழ்க்கச் சொல்லிக் கையை ஆட்டினார்.

“வாயால சொல்லணும்” என்றான் வழிவிட்டான். “அப்படித்தான் உத்தரவு.”

அவர் அடுத்து சாத்தையாவின் கையைப் பிடித்தார். காது குத்தியாகிவிட்டது, மனிதன் எதற்குச் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்கு எரிச்சல். ஒரே இழுப்பு. பிள்ளையை வேலுக்கனி வாங்கிக்கொள்ள, சாத்தையா எழுந்து நின்றுவிட்டார். காலையிலிருந்து முதல் முறையாக.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மடி போய்விட்டது.

“போகட்டும் அண்ணே. முடிஞ்சிருச்சுல்ல” என்றாள் வேலுக்கனி.

“இந்தப் பிள்ளைக்கு முடிஞ்சிருச்சு” என்றார் சாத்தையா. “அடுத்து ஒனக்கு ஒண்ணு பெறக்கும். அதுக்கு நான் எந்த மடியக் குடுப்பேன்?”

பூமயில் அவர் தோளைத் தொட்டாள். “உக்காந்துதான் பாருங்களேன். எது வருதுன்னு பாப்போம்.”

சாத்தையா பயந்து பயந்து மணலில் உட்கார்ந்தார். மெதுவாகச் சம்மணம் போட்டார். ஒரு மடி வந்தது. பூமயில் மண்டியிட்டு, வேட்டி மடிப்பை விலக்கி, கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். நடுவில் மஞ்சளில் ஐந்து குட்டி விரல்.

“அதேதான்!” என்று அலறினாள். “அதே மடிதான்! திரும்பி வந்திருச்சு!”

வழிவிட்டானும் உருமனும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். தனுஷ்கோடி தோல்வியை ஒப்புக்கொண்டு சேரை மடக்கினார். துரைசிங்கம்கூடக் கிட்ட வந்து விரல் அடையாளத்தைப் பார்த்துவிட்டு, “ஆமா, அதேதான்” என்று சொல்லிவிட்டார். அன்று அவர் பட்ட பாட்டில் அதுவும் நடக்கும். மறுநாள் காலை அந்தோணிப்பிச்சை வாயைத் திறந்து முதல் வார்த்தையாக “அவுங்கடா” என்றார். ஏழு முடிச்சையும் அரிவாளால் அறுத்து, மேடையைக் கட்டி இழுத்துக்கொண்டு அவரே போய் விட்டுவிட்டு வந்தார்.

பூமயில் அந்த வேட்டியைத் துவைக்கவில்லை. மடி இருக்கிற வேட்டி அல்லவா? நாலாக மடித்து, பாச்சை உருண்டை போட்டு, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

இரண்டு வருஷம் கழித்து வேலுக்கனியின் அடுத்த பிள்ளைக்குக் காதுகுத்து வந்தபோது ஒரு சிரமமும் இருக்கவில்லை. பூமயில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். சாத்தையா போகவில்லை. அன்றைக்கு அவர் காலையிலிருந்து நல்ல நேரம் முடிகிற வரைக்கும் வீட்டில் நின்றுகொண்டே இருந்தார். சாப்பாடும் நின்றுகொண்டேதான். பக்கத்து வீட்டுக்காரர் பாவம் பார்த்து ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

“ஐயையோ, வேண்டாம்ப்பா” என்றார் சாத்தையா, கால் மாற்றி நின்றபடி. “நான் பாட்டுக்கு இங்க உக்காந்துட்டா, அங்க பிள்ளைக்குக் கீழ இருந்து மடி இங்க வந்துராதா?”